தெளிய விட்டுக் கொடுத்த மருந்து

மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் புதிதாக வந்து நிற்கும் தம்பி தங்கச்சிகளுக்கு, அதே யன்னலில் முப்பத்தொரு வருடம் நின்று ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருத்தி எழுதுவது. ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. வன்னியில் ஓர் ஆஸ்பத்திரி என்பது போதும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அடக்கம் கொஞ்சம் குறைவு. நல்ல மருந்து ஒன்று செய்தால் என்னை நானே மெச்சிக்கொள்வேன். மாத்திரை எண்ணிப் போட இரண்டு கையும் பொறுமையும் இருந்தால் போதும். திரவ மருந்து செய்ய மண்டை வேண்டும். எதில் கரைப்பது, கரையாவிட்டால் எதில் மிதக்க விடுவது, எதைச் சேர்த்தால் கெடாது, கடைசியில் அது யாருடைய வயிற்றுக்குள் போகிறது என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யோசிக்க வேண்டும். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, நான் திரும்பச் சொல்லி உங்களை நித்திரையாக்கப் போவதில்லை. ஆனால் புத்தகம் எழுதியவர் எங்கள் தண்ணீரைக் குடித்ததில்லை.

வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் இருமல் பாணி மருந்து செய்யும்போது வடித்த நீர் முடிந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிச் சேர்த்தேன். கெடாமல் இருப்பதற்கான பென்சோயேற்றையும் அளவாகத்தான் போட்டேன். பத்தாம் நாள் ஒரு ஐயா போத்தலைக் கொண்டுவந்து யன்னலில் வைத்தார்.

"பிள்ளை, உன்ர மருந்து முளைச்சுப் போச்சு."

உள்ளே பஞ்சுபோலப் பூஞ்சணம். வரிசையில் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. பென்சோயேற்று வேலை செய்ய வேண்டுமானால் மருந்தில் கொஞ்சம் புளிப்பு இருக்க வேண்டும். எங்கள் கிணற்றில் இருப்பதோ சுண்ணாம்பு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், தண்ணீரின் குணம் மாறாது. அன்றிலிருந்து என் கலவையில் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் சேர்ந்ததில்லை. இந்தத் தண்ணீர் இனிமேல் என்னை ஏமாற்றாது என்று மார்தட்டிக்கொண்டும் திரிந்தேன். அது என்னை ஏமாற்றியது கடைசிக் காலத்தில்தான். அந்தக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நாடே மருந்துக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தைகளுக்கான வலிப்பு மருந்துப் பாணி வருவது நின்றுபோனது. பெரியவர்கள் விழுங்கும் பினோபாபிற்றோன் மாத்திரைதான் களஞ்சியத்தில் இருந்தது. சிறுவர் நோயாளர் விடுதிக்குப் பொறுப்பாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். அவர் தானே இறங்கி வந்து கேட்டார்.

"மிஸ், விடுதியில ஏழு மாசக் குழந்தை ஒண்டு வலிப்போட கிடக்கு. மாத்திரையை உடைச்சு உடைச்சுக் குடுத்தா அளவு சரிவராது. உங்களால பாணியா ஏதும் செய்து தர ஏலுமோ?"

"ஏலும்" என்றேன். அப்படிக் கேட்டால் "ஏலாது" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த மருந்து தண்ணீரில் சரியாகக் கரையாது. பழைய முறையில் மதுசாரத்தில் கரைப்பார்கள். ஏழு மாதக் குழந்தைக்கு நாள்தோறும் இரண்டு வேளை மதுசாரம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே மாத்திரையை மா போல அரைத்துச் சீனிப் பாகில் மிதக்க விடுவதென்று முடிவெடுத்தேன். அந்த முடிவு சரி, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். துகள் அடியில் போய் இருந்துவிடாமல் இருக்க, கூடவே தடிப்பாக்கும் தூள் சேர்க்க வேண்டும். அதுவும் தட்டுப்பாடுதான். தகரப்பேணியின் அடியில் கொஞ்சம் கிடந்தது. உரிய அளவில் பாதியைப் போட்டேன்.

பாதி போட்டதற்கு எனக்கு நானே நியாயமும் சொன்னேன். மருந்து மெல்லியதாக இருந்தால் வாய்க்கு ஊட்டும் சிரிஞ்சில் இலகுவாக ஏறும். அடியில் படிந்தால்தான் என்ன, குலுக்கினால் கலந்துவிடும். லேபலில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்: "குலுக்கிய பின் கொடுக்கவும்."

இரண்டு போத்தல்கள் செய்தேன். ஒன்று உடையார்கட்டிலிருந்து வந்த சுகந்தி என்ற தாயின் அந்த ஏழு மாதக் குழந்தைக்கு. மற்றது வட்டக்கச்சியில் ஒன்றரை வயதுப் பையன் ஒருவனுக்கு. பால்போல இருந்த மருந்தைத் தாதிமார் கையில் வாங்கிப் பார்த்து, கடைப் போத்தல் தோற்றுப்போகும் என்றார்கள். போத்தல்களோடு இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு நாள் நான் நிலத்தில் நடக்கவில்லை.

ஒன்பதாம் நாள் முற்பகல் விடுதியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. சுகந்தியின் குழந்தைக்கு விடியற்காலையிலிருந்து மூன்று தரம் வலிப்பு, திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஊசி போட்டு அடக்கியிருக்கிறார்கள். பாணியின் அளவை இரட்டிப்பாக்கி, புதுப் போத்தல் ஒன்றும் கேட்டு டொக்டர் எழுதியிருந்தார்.

துண்டைக் கொண்டுவந்த சிற்றூழியரிடம், பழைய போத்தலில் மருந்து இல்லையா என்று கேட்டேன்.

"பாதி கிடக்கு மிஸ். இப்போதைக்கு அதில இருந்து ரெண்டு மடங்காக் குடுக்கப் போகினம்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. குழந்தையின் எடைக்கு நான் பார்த்துப் பார்த்துச் செய்த அளவு அது. முதலில் விடுதியில் வைத்து ஊசியில் கொடுத்தபோது வலிப்பு நின்றிருந்தது. அதே அளவு வாயால் போகும்போது மட்டும் ஏன் தோற்றது? மருந்து கெட்டுவிட்டதா, மாத்திரையில் பிழையா, நான் தராசில் நிறுத்ததில் பிழையா? வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். யன்னலைச் சாத்திவிட்டு விடுதிக்கு ஓடினேன். சனம் பின்னால் ஏசியது காதில் விழுந்தது. பிள்ளைகளே, யன்னலைச் சாத்த வேண்டிய நேரம் என்றும் ஒன்று உண்டு. அதற்கு ஏச்சு வாங்கப் பழகிக்கொள்ளுங்கள்.

தாதி போத்தலை நன்றாகக் குலுக்கி, சிரிஞ்சில் மருந்தை இழுத்து, குழந்தையின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டார். சிரிஞ்சில் இருந்ததைப் பார்த்தேன். நான் செய்தது பால்போல இருந்தது. இது தோசை மா போலத் தடித்துக் கிடந்தது.

"குடுக்காதேங்கோ!" என்று கத்தினேன்.

விடுதி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டொக்டர் விறுவிறென்று வந்தார். களைத்த முகம்.

"மிஸ், பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வருது. பாத்துக்கொண்டு நிக்க ஏலாது."

"தெரியும் டொக்டர். திரும்ப வந்தா ஊசி போடுங்கோ. இந்தப் போத்தலால மட்டும் ஒரு சொட்டும் வேண்டாம். எனக்குப் பத்து நிமிசம் தாங்கோ."

டொக்டர் என்னைப் பார்த்தார், சிரிஞ்சைப் பார்த்தார். "பத்து நிமிசம்" என்று மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னார். என் மகள் வயதுள்ள ஒருவரின் கட்டளைக்குக் காத்திருப்பதில் எனக்கு வெட்கம் இல்லை. அவர் அன்றைக்கு எனக்குத் தந்த பத்து நிமிடத்துக்கு இன்னும் நன்றியோடிருக்கிறேன்.

சுகந்தி கட்டிலோரம் நின்றாள். அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது.

"பிள்ளை, மருந்தைக் குலுக்கித்தானே குடுத்தனீங்கள்?"

"ஓம் மிஸ். ஒரு நேரமும் விடேல்லை. லேபலில இருக்கிற மாதிரியே."

"இவாவிட்ட நாங்களும் கேட்டனாங்கள். குலுக்கினனான் எண்டுதான் சொல்லுறா" என்றார் தாதி.

பொய் சொல்லும் முகமாகத் தெரியவில்லை. ஆனால் போத்தல் வேறு கதை சொன்னது. எனக்கு வேறு வழி தோன்றாமல்தான் அடுத்ததைக் கேட்டேன். "வீட்டில குடுக்கிற மாதிரி ஒருக்காச் செய்து காட்டுங்கோ. பிள்ளைக்குக் குடுக்க வேண்டாம், சும்மா காட்டினாப் போதும்."

சுகந்தி போத்தலை வாங்கினாள். மூடியை இறுக்கினாள். நன்றாக, கை நோகுமளவுக்குக் குலுக்கினாள். பிறகு அதைப் பக்கத்து மேசையில் மெதுவாக வைத்தாள். குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். கதிரையில் இருந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே இருந்தாள்.

தாதிக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்? எடுங்கோவன்."

"இன்னும் தெளியேல்லையே மிஸ்" என்றாள் சுகந்தி.

அவள் எங்களைப் பார்த்து, தெரியாத ஆட்களுக்குச் சொல்வதுபோல விளக்கினாள்.

"வெள்ளை அடியில போய் இருந்தாப் பிறகு, மேலால தெளிஞ்சதைத்தான் எடுக்கிறனான். சுண்ணாம்பு பிள்ளைக்குப் போகக் கூடாதெல்லோ. எங்கட மாமாவுக்குக் கிட்னி போனது அந்தத் தண்ணியாலதான். ஆஸ்பத்திரி ஆக்கள்தானே ஊருக்கு வந்து சொன்னவை, கொதிக்க வைச்சு, தெளிய விட்டு, அடியில கிடக்கிறதைக் கலக்காமல் வார்த்துக் குடியுங்கோ எண்டு. வீட்டில ஒரு மணித்தியாலம் விடுறனான். நல்லாத் தெளியும்."

அந்த ஆஸ்பத்திரி ஆக்களில் நானும் ஒருத்தி. உடையார்கட்டுப் பக்கத்துக் கூட்டம் ஒன்றில் கேத்திலின் அடியில் படிந்த வெள்ளைப் படையைச் சுரண்டிக் காட்டிப் பேசியவளே நான்தான். அவள் எங்கள் இரண்டு சொல்லையும் அப்படியே கேட்டிருக்கிறாள். குலுக்கச் சொன்னோம், குலுக்கினாள். வெள்ளையைக் கொடுக்கக் கூடாது என்றோம், கொடுக்கவில்லை. அடியில் கிடந்த அந்த வெள்ளைதான் மருந்து. ஒன்பது நாளாகக் குழந்தை குடித்தது முக்கால்வாசியும் சீனிப் பாகு.

அடுத்த கணக்கு தானாக மனதில் ஓடியது. பாதிப் போத்தல் திரவம் போய்விட்டது, மருந்தோ பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. குலுக்கினால் அது இரண்டு மடங்கு தடிப்பு. அதில் இரண்டு மடங்கு அளவு எடுத்தால் நாலு மடங்கு. ஏற்கனவே ஊசி வேறு போட்டிருக்கிறது. அந்தச் சிரிஞ்சு வாய்க்குள் போயிருந்தால் குழந்தையின் மூச்சு நின்றிருக்கும். டொக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிஞ்சைத் தன் கையில் வாங்கி, தானே கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தார்.

"படிச்ச பிள்ளை, இப்பிடிச் செய்யலாமோ?" என்று தாதி சுகந்தியைக் கடிந்தார். சுகந்தியின் முகம் கறுத்தது.

"அப்ப நான்தானோ மிஸ் என்ர பிள்ளைக்கு..."

இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் பேசாமல் நின்றிருந்தால் போதும். பழி அவள் தலையில் போயிருக்கும், லேபலும் எனக்குச் சாட்சி சொல்லியிருக்கும். தாய் மருந்தைச் சரியாகப் பாவிக்கவில்லை என்று குழந்தையின் மருத்துவக் கோவையில் ஒரு வரி எழுதி மூடியிருப்பார்கள். எத்தனையோ இடத்தில் அப்படித்தான் மூடுகிறார்கள். ஒரு மணித்தியாலத்தில் கண்ணாடிபோலத் தெளியும் மருந்து மருந்தே இல்லை. ஒழுங்காகச் செய்திருந்தால் அவள் இரவு பகலாகக் காத்திருந்தாலும் அது தெளிந்திராது, அவளும் குழப்பமில்லாமல் கொடுத்திருப்பாள். தூளில் பாதியைப் போட்டுவிட்டு மீதி வேலையை லேபலிடம் விட்டது நான்.

எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "இவாவில பிழையில்லை. நான் மருந்தைத் தடிப்பாச் செய்யேல்லை. பிழை என்ர. டொக்டர், கோவையில அப்பிடியே எழுதுங்கோ."

சுகந்தி என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் வாங்கியிருப்பேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இதே மருந்து வேற பிள்ளையளுக்கும் குடுத்தனீங்களோ?"

எனக்கு வராத யோசனை அவளுக்கு வந்தது. தன் குழந்தை கட்டிலில் கிடக்கும்போது வந்தது. வட்டக்கச்சிப் பையன்!

முதலில் இந்தக் குழந்தைக்கு மாத்திரையை அரைத்து, ஒரு வேளைக்கு ஒன்றாக நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். கரண்டியில் பாகு விட்டுக் கட்டிலடியிலேயே கலந்து முழுவதையும் ஊட்டச் சொன்னேன். பிறகு வட்டக்கச்சி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தோம். மின்வெட்டுக் காலம், போன் செத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரி வாகனத்தில் எண்ணெய் இல்லை. தோட்ட வேலை செய்பவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். ஐம்பத்தெட்டு வயதில், சித்திரை வெயிலில், சேலையைச் செருகிக்கொண்டு வாய்க்கால் கரையால் நான் சைக்கிள் ஓடிய காட்சியை நீங்கள் கற்பனை செய்து சிரிக்கலாம். வழியில் கண்டவர்களும் சிரித்தார்கள்.

பையன் ஏணைத் தொட்டிலில் நித்திரை. தகப்பன் முற்றத்தில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். மருந்து எங்கே என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"அந்தா கிடக்கு மிஸ். மனுசி மேலால எடுத்துத்தான் குடுக்கிறவா. இப்ப மேலால ஒண்டுமில்லை, அடியில களிமாதிரிக் கிடக்கு. மருந்து இல்லாத நேரமெல்லோ, எறிய மனம் வரேல்லை. பின்னேரம் எல்லாத்தையும் வழிச்சுக் குடுப்பமெண்டு இருந்தனாங்கள்."

முற்றத்திலேயே குந்திவிட்டேன். அந்தப் போத்தலின் அடியில் கிடந்தது பல நாள் மருந்து. பையனுக்கு இதற்கிடையில் இரண்டு தரம் கண் சொருகியிருந்தது, பெற்றோல் இல்லாமல் கொண்டுவரவில்லை. லாண்ட்மாஸ்டரில் டீசல் இருக்கிறதா என்று கேட்டேன். விதைப்புக்கு என்று ஒளித்துவைத்த கொஞ்சம் இருந்தது. பத்து நிமிடத்தில் தாயையும் பையனையும் பின்னால் இழுக்கும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு அது புறப்பட்டது. நான் முன்னால் சைக்கிளில், போத்தல் என் சேலைத் தலைப்பில் முடிச்சாக. ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்தபோது யன்னல் வரிசையில் நின்றவர்கள் ஏசுவதை மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று பின்னேரமே வவுனியாவில் மருந்தாளராக இருந்த என் சிநேகிதியைப் பிடித்தேன். தடிப்பாக்கும் தூள் ஒரு பேணி அவரிடம் இருந்தது. அதைக் காலை பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். இந்தமுறை தூளை முழு அளவில் போட்டேன். வாய்ச் சிரிஞ்சில் ஏறக் கொஞ்சம் பிடிவாதம் செய்தது, செய்யட்டும் என்று விட்டேன். லேபலை மாற்றி எழுதினேன்: "குலுக்கியவுடன் கொடுக்கவும். வெள்ளைதான் மருந்து." போத்தலை மேசையில் வைத்து, மருந்தின் மேல்மட்டத்தில் பேனையால் கோடு கீறி, இரண்டு நாள் காவல் இருந்தேன். கோட்டுக்குக் கீழே ஒரு நூலளவும் தெளியவில்லை.

அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும்வரை, கலந்து செய்த மருந்து எதையும் தாய் எனக்கு முன்னால் ஊட்டிக் காட்டாமல் யன்னலைத் தாண்ட விட்டதில்லை. "விளங்கினதோ?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். செய்து காட்டச் சொன்னால்தான் வீட்டில் நடப்பது தெரியும். இதனால் வரிசை நீளும், நீளட்டும்.

நாலாம் நாள் சுகந்திக்கு வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். குழந்தைக்கும் வட்டக்கச்சிப் பையனுக்கும் மூன்று நாளாக வலிப்பு இல்லை. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு யன்னலுக்கு வந்தாள். புதுப் போத்தலை நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"நீங்கள் ஒருக்காக் குலுக்குங்கோ மிஸ்."

குலுக்கினேன்.

"உதில வையுங்கோ."

யன்னல் பலகையில் வைத்தேன். அவள் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற ஒருவர், "என்ன தங்கச்சி, சாத்திரமே பாக்கிறாய்? உனக்குப் புதுக்குடியிருப்பு பஸ் போகப்போகுது" என்றார். சுகந்தி திரும்பவில்லை. ஐந்து நிமிடம் போனது, பத்தும் போனது. நான் இரண்டு நாள் சோதித்த மருந்துதான். ஆனாலும் சோதனை மண்டபத்தில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

கால் மணித்தியாலம் ஆனபின் அவள் குனிந்து, போத்தலின் கழுத்தடியில் கண்ணை வைத்துப் பார்த்தாள். தூக்கிச் சரித்து அடியைப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அதைக் குழந்தையின் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"இப்ப சரி மிஸ்" என்றாள். "இதை நம்பிக் குடுப்பன்."

அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். நான் அடுத்தவரின் துண்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறதென்று வாசிக்க முடியாமல் நின்றேன். பெருமையில் அழுகை வந்துவிட்டது.